பேர் வைக்காத சதை

ஜூலை 1, செவ்வாய்

இன்று ஒற்றைச் செருப்போடு மருத்துவக் கல்லூரிக்குள் போய்விட்டேன். மற்றது எங்கே கழன்று விழுந்தது என்று இந்த நிமிஷம் வரை தெரியாது. வாசல் காவலாளி முதலில் என் காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். "ஓ.பி. அந்தப் பக்கம் பெரியவரே" என்றார். நான் நோயாளி இல்லை, இங்கே கடைசி வருஷம் படிக்கிற பிள்ளையின் தகப்பன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஒற்றைச் செருப்போடு அதைச் சொன்னால் அவமானம் எனக்கில்லை, பிள்ளைக்கு. அவர் காட்டிய பக்கமே போய், நோயாளிகள் வரிசையில் கொஞ்ச நேரம் நின்று, அவர் திரும்பிக்கொண்டதும் சுற்றி வந்தேன்.

மெஹருன் மாடிப்படியில் காத்திருந்தாள்.

"அத்தா, இன்னொரு செருப்பு எங்க?"

"பஸ்ல கூட்டம்மா. எவனோ மிதிச்சுட்டான்."

திண்டுக்கல்லில் ஏறியதிலிருந்து பஸ்ஸில் பாதி சீட் காலி.

என்னை வரச் சொன்னது அவளுடைய பேராசிரியர் அமலோற்பவம் மேடம். மெஹருன் உடற்கூறியலில் எம்.எஸ்சி. படிக்கிறாள். கடைசி வருஷம் ஓர் ஆராய்ச்சி செய்து புத்தகமாகக் கட்டிக் கொடுக்க வேண்டுமாம். அவள் எடுத்துக்கொண்டது கணையத்துக்குள் ஓடுகிற நரம்புகள். கணையம் என்பது வயிற்றுக்குள் இருக்கும் ஓர் உறுப்பு. சாப்பாட்டைக் கரைக்கிற நீரை அதுதான் சுரக்கிறது. அதில் ஒரு வில்லங்கம். உயிர் போன கொஞ்ச நேரத்திலேயே அந்த நீர் கணையத்தையே கரைக்க ஆரம்பித்துவிடும். தன்னைத் தானே தின்றுகொள்ளும். அதனால் சுடச்சுட வேண்டும். ஆட்டுடையது என்றாலும் போதும்.

"ஆட்டுக்கறிக் கடைக்காரர் மகளுக்கே ஆடு கெடைக்கலன்னா எப்படி பாய்?" என்றார் மேடம். "ஆகஸ்ட் இருபதுக்குள்ள நரம்பு தெளிவாத் தெரியற படம் என் மேசைக்கு வந்தாகணும். வந்துட்டா அக்டோபர்ல சேலத்துக் கல்லூரியில வேலை காத்திருக்கு. வரலன்னா ஆறு மாசம் தள்ளிப்போயிடும். வேலை காத்திருக்காது."

ஒரு படத்தைக் காட்டி, இரைப்பைக்கும் சிறுகுடலின் வளைவுக்கும் நடுவே வெளிறிய ரோஸ் நிறத்தில் கிடப்பது இதுதான் என்றார்.

"இதுவா! இதை நாங்க நாய்க்குல்ல போடுவோம்!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

மேடம் சிரித்தார். மெஹருன் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜூலை 2, புதன்

இந்த டைரியும் அவள் கொடுத்ததுதான். ஏதோ மருந்துக் கம்பெனி கல்லூரிக்குக் கொடுத்ததாம். ஆடு அறுத்த நேரம், சதையை எடுத்த நேரம், பாட்டிலில் போட்ட நேரம், மூன்றையும் இதில் குறிக்க வேண்டும். மூன்று நேரத்துக்கு ஒரு முழுப் பக்கமா? காலியாக விட மனசு வரவில்லை. எலும்பைக்கூட வீணாக்காத தொழில் நம்முடையது. மிச்ச இடத்தில் நானே எழுதிவிடுகிறேன்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பாதத்தின் படம் அச்சடித்து, கீழே இங்கிலீஷில் ஏதோ போட்டிருக்கிறது. மருந்துக் கம்பெனி என்கிறாள். எனக்கென்னவோ செருப்புக் கம்பெனி மாதிரிதான் தெரிகிறது. நேற்றைய என் நிலைமைக்குப் பொருத்தம்.

முப்பது வருஷமாக ஆடு அறுக்கிறேன். ஈரல், நுரையீரல், மண்ணீரல், குடல், கொழுப்பு எல்லாவற்றுக்கும் பேரும் உண்டு, விலையும் உண்டு. இந்தச் சதைக்கு மட்டும் நாங்கள் பேர் வைக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருப்பேன்.

ஜூலை 5, சனி

அறுத்தது 5.10. எடுத்தது 5.22. பாட்டிலில் போட்டது 5.31.

அறுப்புக் கூடத்தில் எல்லாரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். "பீரு பாய், நாய் காத்துக்கெடக்கு, எதைத் தேடுறீங்க?" என்று கேலி வேறு. தேடி எடுத்தேன். உள்ளங்கை நீளம், வழவழவென்று, பிடித்தால் நழுவுகிறது. அவரைக்கொட்டை அளவில் மூன்று துண்டு போடச் சொல்லியிருந்தாள். தலைப்பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, வால்பக்கம் ஒன்று.

நடுவில் ஒன்பது நிமிஷம் கழுவியதில் போயிற்று. படித்தவர்கள் கைக்குப் போகிற பொருள். நாய்க்குப் போடுவது என்று நானே வேறு தண்டோரா போட்டுவிட்டு வந்திருக்கிறேன். கவிச்சியோடு அனுப்பினால் பிள்ளையின் மானம் என்ன ஆவது? வீட்டிலிருந்தே பொட்டலம் கட்டிக்கொண்டு போயிருந்தேன். கல் உப்பும் மஞ்சள் தூளும் போட்டு, பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுவது போலக் கழுவினேன். அவள் கொடுத்த பாட்டிலில் இருக்கும் மருந்துத் தண்ணீரும் நல்ல மஞ்சள் நிறம்தான். பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்தது. எவ்வளவு பெரிய கல்லூரியானாலும் கடைசியில் மஞ்சளுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

மெஹருன் வந்து பாட்டிலை எடுத்துப் போனாள். நேரத்தை வாசித்துக் காட்டினேன்.

"நடுவுல ஏன் அத்தா ஒம்பது நிமிஷம்?"

"கழுவுனேன்மா."

"நான் குடுத்த உப்புத் தண்ணியிலயா?"

அவள் ஒரு சின்னப் பாட்டிலில் உப்புத் தண்ணீர் கொடுத்திருந்தாள். அது ஒரு வாய் கொப்பளிக்கக்கூடக் காணாது. "உப்புப் போட்டுத்தான் கழுவுனேன்" என்றேன். பொய் இல்லை.

"அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் போடுங்க அத்தா" என்றாள்.

ஜூலை 9, புதன்

டீக்கடைச் செல்லையா கடைக்குக் கொண்டுவந்த டீ என் கால்மேல் கொட்டிவிட்டது. அவன் "ஐயோ பாய்!" என்று கத்திய பிறகுதான் குனிந்து பார்த்தேன். பாதம் சிவந்திருந்தது. சுடவே இல்லை. முப்பது வருஷம் நின்றே தொழில் பார்த்த கால் அல்லவா, தோல் பதப்பட்டுவிட்டது. செல்லையாவிடம், "உன் டீயில சூடு பத்தல" என்று சொன்னேன். அவனுக்குக் கோபம்.

ஜூலை 13, ஞாயிறு

பல்கீஸ் குழம்பு தாளிக்கும்போது மெஹருனிடம் கேட்டேன். "வயித்துக்குள்ள கெடக்குற சதைக்கு எதுக்கும்மா நரம்பு? அது என்ன ஓடப் போகுதா, ஆடப் போகுதா?"

"இப்ப அம்மா தாளிக்கிற வாசனை வருதுல்ல? இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடல. ஆனா மூளை இப்பவே கணையத்துக்குச் சொல்லிடுச்சு, சாப்பாடு வருது, தயாராயிருன்னு. அந்தச் சேதி போற வழிதான் அத்தா நரம்பு. தலைமயிரை நூறாக் கிழிச்சா ஒண்ணு எவ்வளவு இருக்கும்? அவ்வளவு மெல்லிசு. அதுக்கு மட்டும் ஒட்டுற சாயம் போட்டு, நீல வெளிச்சத்துல வச்சா பச்சையா ஒளிரும்."

"அப்ப உங்கம்மா மீனு பொரிக்கிறப்போ என் கணையம் எந்திரிச்சு நின்னுரும்" என்றேன்.

"உங்க அத்தாவுக்குத் தண்ணி குடிக்கவே நேரம் பத்தல, இதுல கணையம் எந்திரிக்குதாம்" என்றாள் பல்கீஸ். "காலையில ரொப்பி வச்ச குடம் மத்தியானம் காலி. ஆடு குடிக்குமா இவ்வளவு?"

வெயில் காலம் போய்விட்டது என்பது என் தொண்டைக்கு இன்னும் தெரியவில்லை.

ஜூலை 18, வெள்ளி

ஜும்மா முடிந்து வெளியே வந்து பாதித் தெரு நடந்த பிறகு, பின்னாலேயே ஒருவர் என் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். இந்த முறை இடது கால். புதுச் செருப்பு வேறு. இப்போதெல்லாம் ஒழுங்காகச் செருப்புச் செய்வதில்லை.

ஜூலை 20, ஞாயிறு

போன் வந்தது.

"எல்லாமே பச்சையா எரியுது அத்தா! நரம்பு மட்டும்தான் தெரியணும். இங்க முழுச் சதையும் கல்யாண வீட்டு சீரியல் லைட்டு மாதிரி ஜொலிக்குது. ஒண்ணும் பிரிச்சுப் பார்க்க முடியல."

எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. "நம்ம ஆடு அப்படிம்மா" என்றேன்.

போனை வைத்துவிட்டாள்.

ஜூலை 22, செவ்வாய்

அறுத்தது 5.02. எடுத்தது 5.11. போட்டது 5.23.

கோளாறு அழுக்கில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். மேலோட்டமாகக் கழுவியிருப்பேன். இந்த முறை மஞ்சளைக் கூட்டி, மூன்று தண்ணீர் மாற்றினேன். தங்கம் மாதிரி இருந்தது.

"மஞ்சத்தூள் டப்பா எங்கங்க?" என்று பல்கீஸ் வீடு முழுக்கத் தேடினாள். ஆராய்ச்சி நடக்கும் வீட்டில் இதெல்லாம் சகஜம் என்று சொல்லவில்லை. நானும் சேர்ந்து தேடினேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இரண்டாவதும் அதே கதை. முன்னைவிட அதிகமாக எரிகிறதாம். சாயம் பழசாக இருக்கும் என்று மேடம் புதுச் சாயம் தருவித்துக் கொடுத்திருக்கிறார். மெஹருன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவளுடன் தங்கியிருக்கும் பெண் பல்கீஸிடம் சொல்லியிருக்கிறாள்.

நான் விடுவேனா? தூளில் கலப்படம் இருக்கலாம். விரலி மஞ்சள் வாங்கி நானே இடித்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

அறுத்தது 4.58. எடுத்தது 5.06. போட்டது 5.20.

நானே இடித்த மஞ்சள். கை இன்னும் மஞ்சளாக இருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. விடிந்ததிலிருந்து நின்ற கால். கடையில் நிற்க இடமில்லை. பாட்டிலை மெஹருன் எப்போது வந்து எடுத்துப் போனாள் என்றுகூடத் தெரியாது.

ஆகஸ்ட் 4, திங்கள்

இடது காலில் ஒரு முள் இருந்திருக்கிறது. பல்கீஸ் பார்த்து எடுத்தாள். நேற்றே குத்தியிருக்கும் என்றாள்.

ஆகஸ்ட் 9, சனி

மெஹருன் சொல்லாமல் வந்து நின்றாள். மூன்றாவதும் போயிற்று. மேடம் திட்டவில்லையாம். திட்டியிருந்தால் தேவலை என்கிறாள். "ஆறு மாசம் தள்ளிப் போடலாமான்னு யோசிம்மா, இன்னும் பதினோரு நாள்தானே இருக்கு" என்று தன்மையாகச் சொன்னாராம்.

"எங்கயோ நான்தான் தப்புப் பண்றேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மற்றவர்கள் எலி, பூனை வைத்துச் செய்கிறார்கள், அவர்களுக்கெல்லாம் வருகிறது. இவளுக்கு மட்டும் வரவில்லை.

தட்டில் போட்டது போட்டபடி இருந்தது. ஆராய்ச்சிக்காரர்கள் ஆறு மாசம் தள்ளிப்போவதைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: என் மகள் கறிக்குழம்பை வேண்டாம் என்று சொல்வது இதுவே முதல் தடவை.

படுக்கப் போகும்போது சொன்னாள். "நாளைக்கு உங்க டைரியைக் குடுங்க அத்தா. நேரமெல்லாம் சரியா இருக்கான்னு பார்க்கணும். ஒண்ணு விடாம எல்லாம் பார்க்கச் சொல்லியிருக்காங்க மேடம்."

டைரியை எடுத்துப் பார்த்தேன். நேரம் மூணு வரி. மிச்சம் எல்லாம் என் திருவிளையாடல். அவள் தலை குனிந்ததைக்கூட எழுதி வைத்திருக்கிறேன். கிழித்துவிடலாமா என்று பார்த்தால், நேரம் குறித்த பக்கத்திலேயே எல்லாம் கிடக்கிறது. கறியையும் கொழுப்பையும் பிரிப்பது மாதிரி இதைப் பிரிக்க முடியாது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கடையைப் பத்து மணிக்கே பல்கீஸின் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் கல்லாவை விட்டு வந்தது இதற்கு முன் மெஹருன் பிறந்த அன்றைக்குத்தான்.

அவள் கூடத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தாள். காவலாளி என்னை ஓ.பி.க்கு அனுப்பியதைப் படித்துச் சிரித்தாள். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. பக்கத்தைத் திருப்பினாள். திருப்பிய கை அப்படியே நின்றது.

"அத்தா."

"என்னம்மா?"

"மஞ்சளா?"

"ஆமா, நல்ல மஞ்சள்தான். கடைசித் தடவை நானே இடிச்சது."

"அத்தா! மஞ்சளா!"

இரண்டாவது தடவை கேட்டபோதுதான் ஏதோ தப்பு என்று எனக்கு உறைத்தது. அவள் எழுந்து நின்றுவிட்டாள். மஞ்சளுக்குத் தானாகவே ஒளிர்கிற குணம் உண்டாம். அவள் சாயத்துக்குக் காட்டுகிற அதே நீல வெளிச்சத்தில், அதே பச்சையாக எரியுமாம். ஒரு தடவை சதையில் ஏறினால் லேசில் இறங்காதாம். பாட்டிலில் இருந்த மருந்து இயற்கையிலேயே மஞ்சள் நிறம் என்பதால், சதை மஞ்சளாக வந்தபோது அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

"மூணு தடவையா?"

"மூணு தடவையும். தடவைக்குத் தடவை கூட்டிப் போட்டேன்."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. போச்சு, ஒரு மாசப் படிப்பை மஞ்சளில் ஊறப்போட்டுவிட்டேன், பிள்ளை அழுகிறாள் என்று பல்கீஸைப் பார்த்தேன். கையை எடுத்தாள். சிரிப்பு. மூச்சு விட முடியாத சிரிப்பு. "மூணு பேரு உக்காந்து மூணு வாரமா கம்பெனிக்குக் கடுதாசி எழுதிட்டிருக்கோம் அத்தா! சாயம் சரியில்ல, பணத்தைத் திருப்பிக் குடுன்னு!"

பல்கீஸ் சமையலறையிலிருந்து வந்தாள். "என் மஞ்சத்தூள் டப்பா" என்று மட்டும் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் குடும்பத்தில் நான் சந்தோஷமாகத் தப்பியிருப்பேன். மெஹருன் மறுபடி உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. விரலை வைத்து வைத்து வாசித்தாள். ஒற்றைச் செருப்பு. டீ. குடத்துத் தண்ணீர். மறுபடி செருப்பு. முள்.

"ஏன் அத்தா, நான் தலையக் குனிஞ்சேன்னு எழுதியிருக்கீங்களே. எதுக்குன்னு நினைச்சீங்க?"

"நாய்க்குப் போடுவோம்னு சொன்னதுக்குத்தானேம்மா."

"உங்க காலைத்தான் பார்த்தேன். அன்னிக்கு என்னா வெயிலு. வாசல்லருந்து எங்க கட்டடம் வரைக்கும் தாரு ரோடு. ஒத்தக் கால் வெறுங்காலா வந்திருக்கீங்க. சுடலையான்னு கேக்கணும்னு நினைச்சேன். மேடம் பேசிட்டிருந்தாங்க, விட்டுட்டேன். கேட்டிருக்கணும்."

பிறகு பக்கத்தின் அடியில் இருந்த இங்கிலீஷ் வரியில் விரலை வைத்தாள். "இது செருப்புக் கம்பெனி இல்ல அத்தா. சர்க்கரை வியாதி மாத்திரைக் கம்பெனி. என்ன போட்டிருக்குன்னு தெரியுமா? 'உங்கள் பாதம் ஏதாவது சொல்கிறதா? கேளுங்கள்.' நானும்தான் படிக்காம குடுத்திருக்கேன்."

நாற்பது நாள் அந்த வரிக்கு மேலேயே உட்கார்ந்து எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

சாப்பிடுவதற்கு முன் 241. சாப்பிட்ட பின் 338. பரிசோதனை நிலையத்துப் பெண் சீட்டைக் கொடுக்கும்போது என்னைப் பார்த்த பார்வை, அந்தக் காவலாளி பார்த்த பார்வைதான்.

டாக்டர் விளக்கினார். கணையத்தில் சின்னச் சின்னத் திட்டுகள் இருக்கின்றன, ரத்தத்துச் சர்க்கரையைக் கட்டி வைப்பது அவைதான். என் திட்டுகள் சோர்ந்துபோய் எவ்வளவு காலமோ. சர்க்கரை ஏறினால் நரம்பில் முதலில் பட்டுப்போவது மூளையிலிருந்து ரொம்பத் தூரத்தில் இருக்கும் நுனியாம். பாதம். சிலருக்குக் கொஞ்சம் திரும்பி வரும், சிலருக்கு வராது, முதலில் சர்க்கரையை இறக்குங்கள் என்றார். மாத்திரை, நடை, அரிசியில் பாதி, பின்பக்கம் வார் வைத்த செருப்பு.

திரும்பும்போது மெஹருனிடம், "முப்பது வருஷமா நாய்க்குப் போட்டேன்ல, அது பழி வாங்குதும்மா" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். தெருவில் ஒரு வண்டியும் இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அறுத்தது 5.04. எடுத்தது 5.12. போட்டது 5.13.

அவள் கொடுத்த உப்புத் தண்ணீரில் ஒரு முக்கு. அவ்வளவுதான். கையைக்கூட முந்தின நாளே மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தேன். மெஹருன் பக்கத்திலேயே நின்றாள். அறுப்புக் கூடத்துக்குள் இதுவரை அவளை நான் விட்டதில்லை. "யாருப்பா இது, புது இன்ஸ்பெக்டரா?" என்று ஒருவன் கேட்டான். "ஆமா, எனக்கு இன்ஸ்பெக்டர்" என்றேன்.

கழுவாமல் போட்டது மனசுக்கு என்னவோபோல்தான் இருந்தது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சர்க்கரை இல்லாத டீ. விஷயம் தெரிந்ததும் செல்லையா கையெடுத்துக் கும்பிட்டான். "இப்பவாவது சூடு பத்துதா பாய்?"

ஆகஸ்ட் 18, திங்கள்

போன். எடுத்ததும் அழுகையா சிரிப்பா என்று தெரியாத குரல்.

"நாளைக்கு வாங்க அத்தா. ரெண்டு செருப்போட வாங்க."

ஆகஸ்ட் 19, செவ்வாய்

போனேன். வார் வைத்த செருப்பு. காவலாளியின் முன்னால் நின்று, "உடற்கூறியல் துறைக்கு. கடைசி வருஷம் மெஹருன்னிசாவோட அத்தா" என்றேன். அவர் எழுந்து வழிகாட்டினார். அன்றைக்கும் சொல்லியிருக்கலாம். செருப்பை யாரும் பெரிதாக நினைத்திருக்க மாட்டார்கள்.

இருட்டு அறை. நுண்ணோக்கியில் ஒரு கண்ணை வைக்கச் சொன்னாள். முதலில் என் இமை மயிர்தான் தெரிந்தது. "அற்புதம்" என்று சொல்லிவிட்டேன். "இன்னும் விளக்கே போடல அத்தா" என்றாள்.

பிறகு போட்டாள்.

கறுப்பு. நடுக்கறுப்பில் பச்சை இழைகள். ஒரு பக்கத்திலிருந்து தடித்த கட்டாக வந்தது. "அது ரத்தக் குழாயோட ஒட்டிக்கிட்டே உள்ள நுழையுது" என்று காதருகே சொல்லிக்கொண்டே வந்தாள். உள்ளே வந்ததும் பிரிகிறது. பிரிந்தது மறுபடி பிரிகிறது. ஒவ்வொரு முறை பிரியும்போதும் பாதி மெலிகிறது. கடைசியில் இழை என்றே சொல்ல முடியாது, புள்ளி புள்ளியாக, ஊசியால் ஒளியைக் குத்தி வைத்தது மாதிரி. வழியில் ஓரிடத்தில் நாலைந்து உருண்டைகள் கூடி உட்கார்ந்திருந்தன. அது நரம்புச் செல்கள் கூடியிருக்கும் முடிச்சு. மூளையிலிருந்து வரும் சேதி அங்கே கைமாறுமாம். தலைப்பக்கத்துத் துண்டில் எத்தனை, வாலில் எத்தனை என்று எண்ணுவதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

"இப்ப கொஞ்சம் நகர்த்துறேன். ஒரு வட்டம் தெரியுதா? அதைச் சுத்திப் பாருங்க."

வட்டத்தைச் சுற்றி அந்த மெல்லிய இழைகள் வலை பின்னியிருந்தன. ஆட்டுக் குடலை விரித்தால் அதன்மேல் ஒரு கொழுப்பு வலை போர்த்தியிருக்குமே, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் சேலைக்கரை மாதிரி தெரியுமே, அதுபோல. ஆனால் இது எரிந்துகொண்டிருந்தது.

"அதான் டாக்டர் சொன்ன திட்டு" என்றாள். "சர்க்கரையைப் பார்த்துக்கிறது."

மேடம் பின்னாலேயே வந்து நின்றிருக்கிறார். "என்ன பாய் தெரியுது?"

"மேடம், இதைப் போயி நாய்க்குப் போட்டோமே."

மேடம் சிரித்தார். இந்த முறை மெஹருனும் சிரித்தாள். அங்கிருந்த ஜூனியர் பிள்ளைகளிடம், "எங்க அத்தா. இந்தத் திசு எடுத்துக் குடுத்தவர்" என்றாள். கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த சின்னச் சீட்டைக் காட்டினாள். 'பீ.மு. 4' என்று எழுதியிருந்தது. பீர் முகம்மது, நாலாவது தடவை. அப்படியென்றால் ஒன்று, இரண்டு, மூன்று? அவையும் பெட்டியில் இருக்கின்றனவாம். திசுவைக் கழுவும்போது என்ன செய்யக் கூடாது என்று வருஷா வருஷம் புதுப் பிள்ளைகளுக்குக் காட்டப் போகிறாராம் மேடம்.

ஆக, கல்லூரியில் என் பேர் நிலைத்துவிட்டது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

புத்தகம் கொடுத்தாயிற்று. இருநூற்றுச் சொச்சம் பக்கம். தூக்கிப் பார்த்தேன், ஒரு கிலோ இருக்கும். என் கைக்கு எடை தப்பாது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மெஹருன் ஒரு சின்னக் குச்சி வாங்கி வந்திருக்கிறாள். நுனியில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. நான் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பாதத்தில் பத்து இடத்தில் அவள் இழையால் தொடுவாள். தெரிந்தால் "ஆமா" சொல்ல வேண்டும்.

அவள் தொடும் தாளம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. தொழிலில் கத்தி போடுகிற கணக்கு மாதிரிதான். பத்துக்குப் பத்து "ஆமா" சொன்னேன்.

"பரவால்லையே அத்தா."

"பின்ன?"

"நான் தொட்டதே ஆறு தடவைதான்."

ஒன்பதாம் வகுப்பிலும் நான் இப்படித்தான் மாட்டினேன்.

உண்மைக் கணக்கு எடுத்தாள். வலது கால் எட்டு, இடது கால் ஐந்து. இடது கட்டைவிரலில் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

வலது எட்டு. இடது ஐந்து. காலைச் சர்க்கரை 152.

பல்கீஸ் என்னோடு நடக்க வருகிறாள். நான் நடப்பதைக் கண்காணிக்கவாம். வழியில் டீக்கடைப் பக்கம் திரும்பவே விடுவதில்லை.

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி பிறந்தது. பாதி வாடிக்கை ஒரு மாசத்துக்குக் கடைப் பக்கம் எட்டிப் பார்க்காது. ஈ ஓட்டினேன்.

சேலத்திலிருந்து மெஹருனுக்குக் கடிதம் வந்தது. ஒன்றாம் தேதி சேர வேண்டும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

வலது ஒன்பது. இடது ஐந்து. கட்டைவிரல் அப்படியே. "பரவாயில்ல அத்தா, இருக்குறதைக் காப்பாத்துனாலே பெருசு" என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். நானும் அவளுக்கு அதையே சொன்னேன்.

மேடம் போன் செய்தார். புத்தகத்தைப் பற்றிய வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர், "திசு இவ்வளவு புதுசா எப்படிக் கெடச்சுது?" என்று கேட்டாராம். மெஹருன், "எங்க அத்தா ஒரே நிமிஷத்துல போட்டுக் குடுத்தார் சார்" என்று சொன்னாளாம். ஒன்பது நிமிஷம், பன்னிரண்டு நிமிஷம், பதினாலு நிமிஷம் என்று போட்ட கதையை அவள் அங்கே சொல்லவில்லை. என் பிள்ளை.

செப்டம்பர் 28, ஞாயிறு

நாளை மறுநாள் காலை பஸ். பெட்டி கட்டியாயிற்று. பல்கீஸ் அதில் ஒரு மஞ்சள்தூள் டப்பாவையும் வைத்திருக்கிறாள். "இது குழம்புக்கு. வேற எதுக்கும் இல்ல" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

சாயங்காலம் மெஹருன் குச்சியை எடுத்தாள். "அங்க போயிட்டா மாசத்துக்கு ஒரு தடவைதான் வர முடியும். அம்மாவுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். இன்னிக்குக் கடைசியா நான் பார்த்துடறேன்."

கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்தேன். அவள் என் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடினேன். வெளியே யாரோ தண்ணீர் வண்டிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வலது கால் முடிந்தது, ஒன்பது. இடது கால். குதிகால், "ஆமா." நடுப்பாதம், "ஆமா." சின்ன விரல், ஒன்றும் இல்லை. சும்மா இருந்தேன். இப்போதெல்லாம் நான் நேர்மையானவன்.

அப்புறம் கட்டைவிரல். எறும்பு ஒன்று ஏறி, இது யார் வீடு என்று யோசித்து நின்றது மாதிரி.

"அத்தா?"

"ஆமா" சொன்னால் குச்சியை எடுத்து வைத்துவிடுவாள். நான் வாய் திறக்கவில்லை.

கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பாதத்தை இன்னும் கொஞ்சம் மடிக்குள் இழுத்து வைத்துக்கொண்டு, அதே இடத்தில் மறுபடி தொட்டாள். பொறுமையாக, இன்னொரு முறை.

இந்த டைரியை அவள் அடுத்த மாசம் வந்து வாசிப்பாள், அப்போது திட்டு வாங்கிக்கொள்கிறேன். வாய்விட்டுச் சொல்லாதது இந்த ஒன்றுதான்: முதல் தடவையிலேயே தெரிந்துவிட்டதம்மா.